ரிலீவரின் கணக்கு

இந்தியன் சூப்பர் லீக்கில் 2024-25 சீசனில் ஒவ்வொரு அணிக்கும் 24 லீக் ஆட்டங்கள். ஒருவர் காயம் படாமல், மஞ்சள் அட்டைக்கு மாட்டாமல், ஒரு நிமிஷம்கூட பெஞ்சில் உட்காராமல் அத்தனையும் ஆடினார் என்றே வைத்துக்கொள்வோம். 24 தரம் 90, ஆக 2,160 நிமிஷம். மணிக்கணக்கில் 36. ஒரு தொழிலாளியை வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் போட்ட வரம்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில் ஆள் திங்கள் காலையில் தொடங்கி வெள்ளி மதியத்துக்குள் முடித்துவிடும் நேரத்தைத்தான் நாட்டின் முதல் தரக் கால்பந்து வீரர் ஒரு வருஷம் முழுக்க மைதானத்தில் நின்று முடிக்கிறார்.

பயிற்சி, பயணம், ஜிம் எல்லாம் இதில் இல்லை. அவை செட்டிங் டைம். சரக்கு வெளியே வருகிற நேரத்தை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நேரம் கூடித்தான் வந்தது. 2014இல் லீக் தொடங்கியபோது அணிக்கு 14 ஆட்டம், 21 மணி. 2019-20இல் 18 ஆட்டம், 27 மணி. 2023-24இல் 22 ஆட்டம், 33 மணி. அடுத்த சீசனில் 36. டூரண்ட் கோப்பை, சூப்பர் கோப்பை, பிளே-ஆஃப் என்று மேலே சில மணிகள் சேரும். சேர்த்தாலும் ஒரு வார வேலை நேரத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும், அவ்வளவுதான்.

எதற்கு இந்த மணிக்கணக்கு என்றால், நான் பார்க்க நினைத்தது ஒரு குறிப்பிட்ட வகை ஆட்டக்காரரை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுகிறவரை. கம்பெனியில் இதற்கு ஒரு ஆள் உண்டு, ரிலீவர். ஃபர்னஸ் ஆள் வரவில்லையா, கிரேன் ஆபரேட்டர் லீவா, பேக்கிங்கில் ஒருவர் குறைகிறாரா, கூப்பிடு ரிலீவரை. உற்பத்தி ரெஜிஸ்டரில் அவர் பெயர் எந்த மெஷினுக்கு எதிரிலும் நிரந்தரமாக இருக்காது. அவர் இல்லாத வாரம்தான் லைன் நின்றுபோகும். கால்பந்திலும் அவருக்குத் தனிக் கலம் கிடையாது. கோல் அடித்தவருக்கு ஒன்று, கோலுக்குப் பந்து கொடுத்தவருக்கு ஒன்று, கோல் வாங்காத கோல்கீப்பருக்கு ஒன்று என்று கலங்கள் இருக்கின்றன. ஒரே சீசனில் மூன்று இடத்தை அடைத்தவருக்கு எழுத இடம் இல்லை. இப்படிப்பட்டவர்களை அதிகமாக உற்பத்தி செய்த நாடுகளில் ஸ்காட்லாந்து ஒன்று. அந்தச் சரக்கு சென்னைக்கும் வந்திருக்கிறது. அங்கே ஒரு ரிலீவர் எத்தனை மணி நேரத்தில் தயாராகிறார், இங்கே நாம் எத்தனை மணி தருகிறோம் என்பதுதான் கேள்வி.

ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை சுமார் 54 லட்சம். திருவள்ளூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 37,28,104. அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர் எல்லாம் சென்னை மாவட்டத்தோடு சேருவதற்கு முந்தைய எண் இது. அதாவது ஸ்காட்லாந்தில் கிட்டத்தட்ட 70 சதவீதம். அந்த 54 லட்சம் பேருக்கு நான்கு அடுக்குத் தேசிய லீக், அதில் 42 கிளப். மேலடுக்கில் 12, அடுத்த மூன்று அடுக்கிலும் தலா 10. இந்த விகிதத்தில் பார்த்தால் திருவள்ளூர் மாவட்டத்துக்கு 29 கிளப் வர வேண்டும். ஐ.எஸ்.எல்., ஐ-லீக் இரண்டையும் தேடினாலும் இந்த மாவட்டத்தின் பெயரில் ஒன்றுகூட இல்லை.

எண்ணிக்கையை விட முக்கியம் அட்டவணை. பத்து அணி உள்ள அடுக்கில் ஒவ்வொரு அணியும் மற்ற ஒன்பது அணிகளோடு நான்கு முறை மோதுகிறது. ஒன்பது நாலு முப்பத்தாறு ஆட்டம், 54 மணி. மேலடுக்கில் 38 ஆட்டம், 57 மணி. இரண்டு கோப்பைப் போட்டிகள் தனி. நாலாவது அடுக்கில், ஐந்நூறு பேர் வேடிக்கை பார்க்கும் மைதானத்தில் ஆடும் பத்தொன்பது வயதுப் பையனுக்கும் லீக்கில் அதே 54 மணி உண்டு. நம் முதல் அடுக்கு அதிகபட்சமாகத் தந்தது 36.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இதை இன்னும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். மதர்வெல் என்று ஒரு ஊர், கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே. மக்கள் முப்பதாயிரத்துச் சொச்சம். கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சியும் 2011இல் முப்பதாயிரத்துச் சொச்சம்தான். மதர்வெல் இரும்பு எஃகு ஊர். ரேவன்ஸ்கிரெய்க் என்ற அதன் மாபெரும் எஃகாலை 1992இல் மூடப்பட்டது. ஆலை போய்விட்டது, கிளப் போகவில்லை. 1886இல் தொடங்கிய மதர்வெல் எஃப்.சி.யை இன்றும் எஃகுக்காரர்கள் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதன் மைதானத்தில் 13,000 பேருக்கு மேல் உட்காரலாம், ஊர் ஜனத்தில் பத்துக்கு நாலு பேர். பக்கத்து ஊர் கோட்பிரிட்ஜ், ஊதுலைகளால் பெயர் பெற்ற இரும்பு நகரம். அங்கே ஆல்பியன் ரோவர்ஸ், 1882இல் தொடங்கியது. வண்டி வண்டியாக டி.எம்.டி. கம்பி கிளம்பும் நம் ஊரோடு ஒப்பிட்டால் தொழில் ஒன்று, ஜனத்தொகை ஒன்று. மைதானத்துக்கான கலம் மட்டும் அங்கே நிரம்பியிருக்கிறது, இங்கே காலி. ஆலை முதலாளிகள் அங்கே நல்லவர்கள், இங்கே கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அங்கே ஷிஃப்ட் முடிந்த தொழிலாளிகளே சந்தா போட்டுக் கிளப் நடத்திய காலம் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பு. இங்கே ஷிஃப்ட் ஆட்களில் பெரும்பகுதி பிற மாவட்டம், பிற மாநிலம். காண்ட்ராக்ட் முடிந்தால் ஊரே மாறிவிடும்.

இந்த ஆல்பியன் ரோவர்ஸிலும் மதர்வெல்லிலும் ஆடிய ஒருவர் பிறகு சென்னையின் எஃப்.சி. சட்டை போட்டார். பெயர் கானர் ஷீல்ட்ஸ். 1997இல் பிறந்தவர். ஆல்பியன் ரோவர்ஸ், அல்லோவா, அங்கிருந்து இங்கிலாந்தில் சண்டர்லாந்து, ஆல்டர்ஷாட், மறுபடி ஸ்காட்லாந்தில் குயின் ஆஃப் தி சவுத், மதர்வெல், குயின்ஸ் பார்க், பிறகு 2023இல் சென்னை. இருபத்தாறு வயதுக்குள் எட்டு கிளப், நாலைந்து அடுக்குகள். இப்படி அலைந்தவர் ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்க முடியாது. புதுக் கிளப்பில் எந்த இடம் காலியோ அதுதான் வேலை. சென்னையில் அவரை முன்னால் தனியாகவும், ஓரத்திலும், முன்கள வீரருக்குப் பின்னால் பந்து பிரித்துக் கொடுப்பவராகவும் பார்த்தோம். கோல் கணக்கை மட்டும் பார்க்கிறவர் அவரைச் சாதாரண வெளிநாட்டு ஆட்டக்காரர் என்று எழுதிவிட்டுப் போவார்.

ரிலீவர் வகையின் முழு மாதிரி வேண்டுமென்றால் கிறிஸ்டியன் டெய்லி. டண்டீ நகரில் 1973இல் பிறந்தவர். டண்டீ யுனைடெட்டில் முன்கள வீரராகத் தொடங்கினார். 1994 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் அவர் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்ப, கிரெய்க் புரூஸ்டர் தட்டி உள்ளே போட்டார். ரேஞ்சர்ஸுக்கு எதிராக 1-0. கோல் புரூஸ்டர் பெயரில் ஏறியது. கம்பத்தில் பட்ட பந்துக்குக் கலம் இல்லை. பிறகு டெய்லி நடுக்களத்துக்கு வந்தார், அப்புறம் தடுப்பு வரிசைக்கு. 1998 ஜூன் 10, உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், எதிரில் பிரேசில். அன்று அவரை இடது ஓர விங்-பேக்காக நிறுத்தினார்கள். நாட்டுக்காக மொத்தம் 67 ஆட்டம், 6 கோல். முன்களம், நடுக்களம், சென்டர் பேக், விங்-பேக் என்று நான்கு மெஷினிலும் கைவைத்தவர்.

அவருடைய விலைக் கணக்கும் பாடம்தான். 1998இல் டெர்பியிலிருந்து பிளாக்பர்ன் அவரை வாங்கியது சுமார் 53 லட்சம் பவுண்டுக்கு. 2001 தொடக்கத்தில் வெஸ்ட் ஹாம் வாங்கியது சுமார் 17.5 லட்சத்துக்கு. இரண்டரை வருஷத்தில் விலை மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. ஆனால் வெஸ்ட் ஹாமில் அவர் இருந்தது ஏழு வருஷம். விலை சரிந்த ஆள் வேலையில் நிலைத்தார். எங்கும் ஆடக்கூடியவரை விற்க வரும்போது யாருக்கும் அவசரம் இல்லை. வைத்துக்கொள்ளும்போதுதான் அருமை தெரிகிறது. எதிர்முனைக்கு ஒரு கணக்கும் உண்டு. வேல்ஸ்காரர் ஜான் சார்லஸ் சென்டர் ஹாஃபாகவும் சென்டர் ஃபார்வர்டாகவும் உச்சத்தில் ஆடியவர். 1953-54இல் லீட்ஸுக்காக லீக்கில் 42 கோல். 1957இல் யுவென்டஸ் அவருக்குக் கொடுத்தது 65,000 பவுண்டு, அன்றைய பிரிட்டிஷ் சாதனை விலை. இரண்டு இடத்துக்கு விலை வந்தது அவர் 42 கோல் அடித்ததால்தான். தடுப்பில் மட்டும் நின்றிருந்தால் அந்த எண் வந்திருக்காது.

இப்போது ஓவன் கோய்ல். பெய்ஸ்லியில் 1966இல் பிறந்தவர், பெற்றோர் அயர்லாந்து வழி என்பதால் சர்வதேச ஆட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் அயர்லாந்துக்காக. ஆட்டக்காரராகப் பத்துக்கு மேற்பட்ட கிளப்கள். 1995 மே மாதம் வெம்ப்ளியில் ரெடிங்குக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதியில் போல்டன் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது முதல் கோலைத் திருப்பியவர் அவர். கடைசியில் போல்டன் 4-3. சென்னைக்காரர்களுக்கு அவர் பயிற்சியாளராகத்தான் தெரியும். அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறேன். 2008-09, பர்ன்லி. லீக் 46, பிளே-ஆஃப் 3, எஃப்.ஏ. கோப்பை 5, லீக் கோப்பை 7. மொத்தம் 61 ஆட்டம். கூடுதல் நேரத்தை விட்டுவிட்டாலும் 5,490 நிமிஷம், 91 மணி 30 நிமிஷம். எழுபதாயிரம் சொச்சம் பேர் உள்ள ஊர், சின்ன அணி. மே 25 அன்று ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0 என வென்று பிரீமியர் லீக்குக்குப் போனார்கள். 61 ஆட்டத்தை ஒரு சின்ன அணி முடிக்க வேண்டுமானால் வலது பேக் ஒருநாள் சென்டர் பேக்காக வேண்டும், விங்கர் ஒருநாள் முன்னால் போக வேண்டும். பயிற்சியாளர் தத்துவம் பேசி ரிலீவரை உருவாக்குவதில்லை. அட்டவணை உருவாக்குகிறது.

அந்தக் கை சென்னையில் என்ன செய்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2019-20 சீசனில் ஜான் கிரெகரியின் கீழ் சென்னையின் எஃப்.சி. முதல் ஆறு ஆட்டத்தில் வென்றது 1, டிரா 2, தோல்வி 3. புள்ளி 5. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. டிசம்பரில் கோய்ல் வந்தார். மீதி 12 ஆட்டத்தில் வெற்றி 7, டிரா 3, தோல்வி 2. புள்ளி 24. ஆட்டத்துக்கு 0.83 என்று ஓடிக்கொண்டிருந்த மெஷின் அதே ஆட்களை வைத்து 2.00 ஆனது. நாலாவது இடம், அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5. லித்துவேனியக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோலோடு தங்கக் காலணி. பிறகு கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனார், அதுவும் எஃகு ஊர். 2021-22இல் 20 ஆட்டத்தில் 43 புள்ளி, லீக் கேடயம். அங்கே இன்னொரு ஸ்காட்டியர், கிரெக் ஸ்டூவர்ட், 10 கோல், 10 கோல் உதவி. அடிப்பதும் அடிக்கக் கொடுப்பதும் சம எடை. அந்த ஸ்டூவர்ட் அடுத்து மும்பையோடும் பிறகு மோகன் பகானோடும் அதே கேடயத்தை வாங்கினார். மூன்று கிளப், மூன்று கேடயம். கோய்ல் 2023இல் சென்னைக்குத் திரும்பினார். இரண்டாம் முறை முதல் முறைபோல் இல்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

ஸ்காட்டியர்களும் இந்தியக் கால்பந்தும் என்றால் கணக்கு 1888இலிருந்தே தொடங்க வேண்டும். முதல் டூரண்ட் கோப்பை இறுதியில் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் 2, ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி 1. இரண்டும் ஸ்காட்லாந்துப் பட்டாளங்கள். ஆனால் அது அவர்கள் பொழுதுபோக்கு, நமக்கு வேடிக்கை. இப்போதைய கணக்கு வேறு. இப்போது அவர்கள் வெளிநாட்டு இடம் என்ற கோட்டாவில் வருகிறார்கள். அந்தக் கோட்டா சுருங்கச் சுருங்கத்தான் உள்ளூர் ரிலீவருக்கு வேலை வந்தது.

2014இல் களத்தில் எப்போதும் குறைந்தது 5 இந்தியர் இருக்க வேண்டும் என்பது விதி. 2017-18இல் அது 6. 2021-22இல் 7. இதை நிமிஷமாக மாற்றிப் பார்க்கலாம். 2014இல் லீக் ஆட்டம் 56, இரண்டு பக்கமும் சேர்த்து 112 அணி, தலா 5 பேர், தலா 90 நிமிஷம். 50,400 நிமிஷம், 840 மணி. இந்திய வீரர்களுக்கு உறுதியாகக் கிடைத்த மொத்த வேலை நேரம் அதுதான். 2024-25இல் 156 ஆட்டம், 312 அணி, தலா 7 பேர். 1,96,560 நிமிஷம், 3,276 மணி. பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட நாலு மடங்கு. இந்திய அளவில் கால்பந்துக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்லச் சொன்னால் நான் முதலில் இந்த எண்ணைத்தான் சொல்வேன், விளம்பரத் தொகையை அல்ல.

சந்தோஷப்படுவதற்கு முன் வகுத்தும் பார்க்க வேண்டும். 13 அணி, அணிக்குத் தோராயமாக 20 இந்தியர் என்று வைத்தால் 260 பேர். 3,276 மணியை 260 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 12 மணி 36 நிமிஷம். ஒன்றரை ஷிஃப்ட். ஸ்காட்லாந்தின் நாலாவது அடுக்கில் 22 பேர் கொண்ட அணியில் இதே சராசரி 27 மணி. வருஷத்துக்கு ஒன்றரை ஷிஃப்ட் மட்டும் மெஷினில் நிற்கிற ஒருவரை, இரண்டாவது மெஷினும் பழகிக்கொள் என்று யாராவது சொல்வார்களா? முதல் மெஷினுக்கே கை வராது. நம் பயிற்சியாளர்கள் வலது பேக்கை வலது பேக்காகவே வைத்துப் பூட்டுவதற்குக் காரணம் கற்பனை வறட்சி என்று எழுதுகிறார்கள். எனக்கு அது நேர வறட்சியாகப் படுகிறது.

இத்தனைக்கும் தேவை இருக்கிறது. களத்தில் 11, பெஞ்சில் 9. பெஞ்சில் ஒருவர் கட்டாயம் கோல்கீப்பர். மீதி 8 பேர், களத்தில் இருக்கும் 10 இடத்துக்கு மாற்று. எண்ணிக்கையிலேயே இரண்டு குறைகிறது. இரண்டு இடம் தெரிந்த ஒருவர் பெஞ்சில் ஒரு நாற்காலியை மிச்சப்படுத்துகிறார். அந்த நாற்காலியில் இன்னொரு முன்கள வீரரை உட்கார வைக்கலாம். கடைசிக் கால் மணியில் கோல் விழுவது பெரும்பாலும் அந்த மிச்சப்படுத்திய நாற்காலியிலிருந்து எழுந்து போனவரால்தான் என்பது என் சந்தேகம். நிரூபிக்க எண் இல்லை. எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு, கொரோனா காலச் சீசன்களில் 16.5 கோடி ரூபாய். அதில் பெரிய துண்டை ஆறேழு வெளிநாட்டினர் எடுத்துக்கொண்ட பிறகு, ஒரு சம்பளத்தில் இரண்டு இடம் அடைப்பவர் மேனேஜருக்கு வரம்.

தமிழ்நாட்டில் அப்படி இருவர், ஒரே ஆட்டத்தில் எதிரெதிரே நின்றார்கள். 2020 மார்ச் 14, கோவாவின் ஃபட்டோர்டா மைதானம், கொரோனாவால் பார்வையாளர் பூஜ்யம். கோய்லின் சென்னையின் எஃப்.சி.க்கும் ஏ.டி.கே.வுக்கும் ஐ.எஸ்.எல். இறுதி. சென்னை நடுக்களத்தில் எட்வின் சிட்னி வான்ஸ்பால். ஏ.டி.கே.யின் இடது ஓரத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். இருவரும் அதற்கு முன்பு சென்னை சிட்டி எஃப்.சி.யில் ஒன்றாக ஆடியவர்கள். முடிவு 3-1, கோப்பை ஏ.டி.கே.வுக்கு.

எட்வின் நடுக்களத்தில் பந்தைப் பறிப்பவர்; தேவைப்பட்டால் வலது பேக். 2018-19இல் சென்னை சிட்டி ஐ-லீக்கை வென்ற அணியில் இருந்தவர். அந்தச் சீசன் கணக்கு தனி ருசி: 20 ஆட்டத்தில் 43 புள்ளி, இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை. உருகுவேக்காரர் பெட்ரோ மான்சி 21 கோல் அடித்தார், எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த 21 கோலுக்குப் பின்னால் பந்தைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தவர்கள் யார் யார் என்று எத்தனை பேர் சொல்வார்கள்? எட்வினின் எண் எப்போதும் அந்தப் பின்பக்கத்தில்தான்.

சூசைராஜ் கதை வேறு. அவர் பிறவி விங்கர், 2017-18 ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள வீரர். ஏ.டி.கே.யில் பயிற்சியாளர் ஹபாஸ் மூன்று சென்டர் பேக்குகளை வைத்து ஆடினார். அந்த அமைப்பில் விங்கருக்கு இடமே இல்லை. சூசைராஜை இடது விங்-பேக்காக இறக்கினார். தாக்கவும் வேண்டும், முழு ஓரத்தையும் ஓடித் திரும்பிக் காக்கவும் வேண்டும். ஒரு சீசனில் பழகினார், கோப்பையும் வாங்கினார். அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸோடு. முதல் கால் மணி நேரத்துக்குள் காயம், ஸ்ட்ரெச்சர். அந்தச் சீசனுக்கு அவர் கணக்கில் ஏறிய நேரம் அவ்வளவே. விங்-பேக்குக்கு மாறியதால்தான் காயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 36 மணி கிடைக்கிற நாட்டில் ஒரு காயம் தின்னும் பங்கு 57 மணி கிடைக்கிற நாட்டை விடப் பெரிது. வியாசர்பாடியின் தனபால் கணேஷும் இப்படித்தான். 2018 அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வென்ற ஆட்டத்தில் ஒரு கோல் அவருடையது. அந்த வருஷம் சென்னை இரண்டாம் முறை கோப்பையை வென்றது. அதன்பின் முழங்கால் அவரை நீண்ட காலம் வெளியே உட்கார வைத்தது.

பழைய பக்கத்தைப் புரட்டினால் இதைவிடத் துணிச்சலான இடமாற்றங்கள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ், வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்கு ஆட வந்தபோது முன்கள ஆள். அங்கேதான் கோல்கீப்பரானார். முன்கள வீரர் கோலுக்குப் போவது ஷிஃப்ட் மாற்றம் அல்ல, தொழிலையே மாற்றுவது. ரெஜிமெண்ட் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் எனத் தங்கராஜுக்கு இரண்டு ஒலிம்பிக். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது கோலில் நின்றவர் அவர். அன்று ஒரு கோல் அடித்த ஜர்னைல் சிங் வழக்கமாகத் தடுப்பாளர், தலையில் தையலோடு முன்னால் அனுப்பப்பட்டவர். ஒரே பதினொருவரில் முன்களத்திலிருந்து கோலுக்கு வந்தவர் ஒருவர், பின்களத்திலிருந்து முன்னுக்குப் போனவர் ஒருவர், தங்கப் பதக்கம் ஒன்று. தங்கராஜுக்கு அந்தப் பரீட்சையைத் துணிந்து எழுத முடிந்ததற்கு ஒரு காரணம் சம்பளம் என்று நினைக்கிறேன். அவர் பட்டாளத்து ஆள். கோலில் சொதப்பினால் ஆட்டம் போகும், ரேஷன் போகாது.

ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை என்று தமிழ்நாட்டுக் கால்பந்தைத் தாங்கிய வேலை இடங்களும் இதையேதான் செய்தன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் 22 வயதில் சேர்ந்த ஒருவருக்கு 60 வயது வரை 38 வருஷச் சம்பளம். அதில் பந்து ஆடுவது முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டுக்காரர்களுக்கு இன்று 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கிளப் ஒப்பந்தம் என்பது ஓரிரு வருஷம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பொன்னேரியில் ஒரு அப்பா மகனுக்கு எதைச் சொல்வார் என்பதில் சந்தேகம் இல்லை. நானும் அதைத்தான் சொல்வேன்.

அந்த மகன் பந்து ஆட இடம்? சர்வதேச அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். 7,140 சதுர மீட்டர், ஒன்றே முக்கால் ஏக்கர். சுற்றிலும் ஓட இடம் விட்டால் இரண்டு ஏக்கர். தேர்வாய் கண்டிகையில் சிப்காட் பூங்கா ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதில் 2 சதவீதம், 20 ஏக்கர், பத்து மைதானம். பசுமைப் பகுதிக்கும் லாரி நிறுத்தத்துக்கும் சாலைக்கும் சதவீதம் ஒதுக்குகிற வரைபடத்தில் இந்த இரண்டு சதவீதத்தைச் சேர்ப்பது பெரிய விஷயம் இல்லை. கிளப் தானாக வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் மைதானமே இல்லாத இடத்தில் மதர்வெல்லும் முளைத்திருக்காது.

போய்ப் பார்க்கலாம் என்றாலும் கணக்கு கறாராக இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, திருவள்ளூரிலிருந்து சுமார் 42. நேரு ஸ்டேடியம் சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம். ஆட்டம் இரவு 7.30க்கு, முடிய 9.20 தாண்டும். மூன்று ஷிஃப்ட் சுழற்சியில் 2 முதல் 10 வரை வேலையில் இருப்பவருக்கு வழியில்லை. 10 மணிக்கு நைட் ஏறுபவருக்கும் இல்லை, ரயில் அதற்குள் எண்ணூரைக்கூடத் தாண்டாது. காலை 6 முதல் 2 வரை வாரம் மட்டும் சாத்தியம். 2024-25இல் சொந்த மைதான ஆட்டம் 12. மூன்றில் ஒரு பங்கு 4. நடுக்கள வீரர் ஒருவர் ஆட்டத்துக்கு 11 கிலோமீட்டர் ஓடுகிறார் என்றால் 24 ஆட்டத்துக்கு 264 கிலோமீட்டர். நம் ஆள் அந்த நாலு ஆட்டத்தைப் பார்க்க ரயிலில் போய்வரும் தூரம் 380ஐ நெருங்கும். ஆடுகிறவரை விடப் பார்க்கிறவர் அதிகம் பயணம் செய்கிற விளையாட்டு.

இந்த எண்களும் பிறகு தேய்ந்தன. லீக்கை நடத்தும் உரிமை 2010இல் பதினைந்து வருஷத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு வருஷத்துக்கு 50 கோடி ரூபாய் வரவு. ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதற்குள் புதிது எழுதப்படவில்லை. அதற்கு முன்பே, ஜூலையில் லீக்கை நிறுத்தி வைத்தார்கள். சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தின, சென்னையின் எஃப்.சி.யும் அணி வேலைகளை நிறுத்திவைப்பதாகச் சொன்னது. பிறகு 2026 பிப்ரவரி 14இல் தொடங்கும் என்று அறிவித்தார்கள்: 14 அணி, ஒவ்வொன்றும் மற்றதோடு ஒரே ஒரு முறை, ஆக 91 ஆட்டம். அணிக்கு 13. முழுநேரம் ஆடினாலும் 19 மணி 30 நிமிஷம். 2014இல் பிள்ளையார் சுழி போட்டபோதுகூட 21 இருந்தது.

அதே ஏழு இந்தியர் விதியை வைத்து மறுபடி பெருக்கினால் 91 ஆட்டம், 182 அணி, தலா 7 பேர், தலா 90 நிமிஷம். 1,14,660 நிமிஷம், 1,911 மணி. அணிக்கு 20 இந்தியர் வீதம் 280 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 6 மணி 50 நிமிஷம். சிப்காட் கேட்டில் காலை 6 மணிக்குப் பஞ்ச் செய்து உள்ளே போனவர் 12.50க்கு வெளியே வந்தால், அரை நாள் லீவு என்று எழுதுவார்கள்.